முடிச்சைப் பார்த்துச் சுடுகிறவர்கள்

குழல் வளைந்தது ஒரு நொடியில். அதை மாற்ற எங்களுக்குப் பல வருடம் ஆனது.

எங்களிடம் இருப்பது காற்றுப் பிஸ்டல். தோட்டத்தில் எல்லோரும் அதைத் துவக்கு என்றுதான் சொல்வார்கள். கோயில் திருவிழாக்களில் பலூன் சுடும் விளையாட்டுக்கு வைத்திருக்கிறோம். பலகையில் வரிசையாகப் பலூன் கட்டியிருக்கும். காசு கொடுத்தால் மூன்று குண்டு. மூன்றும் பட்டால் ஒரு சாமான். பிளாஸ்டிக் கோப்பை, சீப்பு, சோப்புப் பெட்டி, இப்படி ஏதாவது. பொலிசில் சொல்லி அனுமதி வாங்கித்தான் நடத்துகிறோம்.

நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். முன்பு நான் கொழுந்து எடுத்தேன். அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார், ஓய்ந்த நாளில் பலகையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவார். பிறகு அவருக்குக் கண் மங்கிவிட்டது. கத்தி பிடிக்க விடமாட்டேன் என்று கங்காணி சொன்னார். அதிலிருந்து பலகைதான் வேலை. நானும் தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் வெட்டிக்கொண்டு அவரோடு வந்துவிட்டேன். மாசியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு தோட்டத்தில் திருவிழா இருக்கும்.

பிஸ்டல் நடுவில் மடிக்கிற வகை. குழலைக் கீழே மடிக்க வேண்டும். அதன் பின்வாயில் ஈயக்குண்டை வைத்து நிமிர்த்த வேண்டும். பிறகு சுட வேண்டும். மடித்திருக்கும்போது விசையைத் தொடக்கூடாது. ஒரு திருவிழாவில் ஒருவர் தொட்டுவிட்டார். குழல் தானாக மேலே அடித்தது. டக்கென்று சத்தம். அவர் பயந்து பிஸ்டலைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குழலின் வளைவு பார்த்தால் தெரியாது. கொஞ்சம்தான். ஆனால் அன்றிலிருந்து குண்டு மேலே போகத் தொடங்கியது. பலூனைப் பார்த்துச் சுட்டால் பலூனுக்கு மேலே பலகையில் படும்.

எங்கள் ஆட்கள் அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பலூனைப் பார்க்கக்கூடாது. அதன் அடியில் கட்டியிருக்கிற முடிச்சைப் பார்க்க வேண்டும். முடிச்சைப் பார்த்துச் சுட்டால் பலூன் நடுவில் படும். லயத்துக்கு லயம் இது பரவியது. அண்ணன் தம்பிக்குச் சொன்னான். மாமன் மச்சானுக்குச் சொன்னான். பிஸ்டலைக் கையில் எடுத்தவுடனே பின்னால் நிற்கிறவன், "முடிச்சு, முடிச்சு" என்பான். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். சுடுகிறவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாருக்கும் குறை இல்லை.

வெளியாட்களுக்குத்தான் தெரியாது.

போன வருடம் எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் கூட்டாளிகளைக் கூட்டி வந்தார்கள். கூட்டாளிகள் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் படவில்லை. பக்கத்தில் எங்கள் ஆட்கள் சுட்டார்கள். எல்லாம் பட்டது. கள்ள விளையாட்டு என்று ஒருவன் கத்தினான். பலகையைத் தள்ளினான். அந்த நேரம் பார்த்துத் தேர் கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தேருக்கு முன்னால் தப்பு அடிக்கிறவர்கள் நிற்க வேண்டியதாகிவிட்டது.

அது கமிட்டிக்கு அவமானம். இந்த வருடம் கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு தோட்டத் தலைவர் கோயில் வாசலில் என்னைக் கூப்பிட்டார். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"தங்கச்சி, இந்த வருசம் ஒரு பேச்சு இருக்கு."

"சொல்லுங்கண்ணே."

"தேர் நேரத்தில சண்டை வரக்கூடாது. ஒங்க துவக்கு கள்ளத் துவக்குன்னு கமிட்டியில பேசுறாங்க. ஹட்டன்லேர்ந்து ஒருத்தன் வந்து எடம் கேட்டுட்டுப் போயிருக்கான். ரெண்டு ரைபிள் இருக்காம். லைட்டெல்லாம் போட்டு நடத்துவானாம்."

"அந்த எடம் நாங்க கலியாணம் முடிச்ச வருசத்திலேர்ந்து எங்களுக்குத்தானண்ணே."

"தெரியும். அதனாலதான் ஒங்ககிட்ட வந்து சொல்றேன். கொடியேத்துறதுக்கு மொத நாள் நானே சுட்டுப் பாக்குறேன். எல்லார் முன்னுக்கும். பட்டா எடம் ஒங்களுக்கு. படலேன்னா என்னைய நோகாதீங்க."

கோயில் படிக்கும் தேத்தண்ணீர்க் கடைக்கும் நடுவில் உள்ள இடம் அது. தேர் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் வருடத்தில் பெரிய திருவிழா இதுதான். மற்றத் தோட்டங்களில் இங்கே பார்த்துத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை வேறு ஆளுக்குப் போனால் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் பலூன் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவர் சுட்டா படும்" என்றார். "அவருக்கு முடிச்சு தெரியும். அவர் வீட்டு அலுமாரியில இருக்கிற கண்ணாடிக் கிளாஸ் எல்லாம் நம்ம பலகையில வாங்குனதுதான்."

"அவர் சுட்டா படும். அடுத்த நாள் வெளியாள் வந்து சுட்டா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"குழல மாத்துவோம்" என்றேன்.

"மாத்தணும்னா மாத்து. கண்ணாடி மேல உருட்டிப் பாத்து வாங்கு. பளபளன்னு இருக்கிறத பாத்து எடுத்துட்டு வந்துறாத."

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறினேன். பிஸ்டலைப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, மேலே கத்தரிக்காய் போட்டிருந்தேன். தலவாக்கலை வரைக்கும் நின்றுகொண்டே போனேன். சீட்டில் இடம் கிடைத்தபோதும் எனக்கு உட்கார முடியவில்லை. நானுஓயா தாண்டியதும் பனி. சாரதி விளக்கைப் போட்டு மெதுவாகப் போனார். எனக்கு இறங்கி நடக்கலாம் போல இருந்தது.

நுவரெலியாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது. தையல் மெஷின், மருந்தடிக்கிற பம்பு, கேஸ் அடுப்பு எல்லாம் திருத்துவார்கள். மரக்கறித் தோட்டக்காரர்கள் குரங்கு விரட்டக் காற்றுத் துவக்கு வைத்திருக்கிறார்கள். அதையும் அங்கேதான் கொண்டு போவார்கள். கடைக்காரர் சிங்களவர். தமிழ் பேசுவார், அவருக்கு வந்த மாதிரி. என்னை அக்கே என்பார், நான் அவரை ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்பேன்.

துணியைப் பிரித்துக் காட்டினேன். அவர் குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அக்கே, இது துவக்கா வாழப்பழமா?"

"துவக்குதான் மாத்தயா. குழல் மாத்தணும்."

"இந்த மாதிரி இப்ப வாறது இல்ல. பழசு கழட்டினது இருக்கும். நில்லு."

ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். குழல்கள், கம்பிச் சுருள்கள், கட்டைப் பிடிகள். அதில் எங்கள் பிஸ்டலுக்குப் பொருந்தும் என்று மூன்று குழலைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று புதிதாக மினுங்கியது. ஒன்றில் கறுப்புப் பூச்சு பாதி போயிருந்தது. ஒன்று முழுக்கப் பழுப்பு, தொட்டால் கையில் துரு ஒட்டியது.

"இது எடு" என்று மினுங்கியதைத் தள்ளினார். "உடனே சரி. பூட்டு, சுடு."

கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன் மேல் மினுங்கியதை உருட்டினேன். நேரான குழல் சத்தமில்லாமல் உருளும். இது டொக், டொக் என்று தட்டிக்கொண்டு உருண்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் முனை லேசாகத் தூக்கியது.

"இதுவும் வாழப்பழம்தான் மாத்தயா."

அவர் சிரித்தார். "கொஞ்சம் வாழப்பழம்."

பாதிக் கறுப்பை எடுத்தேன். உருட்டியபோது நன்றாக இருந்தது. வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். நல்ல குழலுக்குள் வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரியும், ஒன்றுக்குள் ஒன்று. இதில் நடுவில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. குண்டு அங்கே உரசும். அதை வைத்துவிட்டேன்.

பழுப்பை உருட்டினேன். சத்தம் இல்லை. துணி சுற்றிய கம்பியால் உள்ளே இழுத்துவிட்டுப் பார்த்தேன். வளையங்கள் சரியாக இருந்தன, ஒரு பக்கமும் சாயவில்லை. வெளியில்தான் துரு.

"அது பூட்டாது" என்றார் கடைக்காரர். "கீல் பக்கம் தடிப்பு. பார்."

பிஸ்டலில் வைத்துக் காட்டினார். குழலின் அடிப்பகுதி கீலுக்குள் போக மறுத்தது. ஒரு மயிரளவுதான்.

"அராவினா போகும்."

"அராவினா போகும். கூட அராவினா ஆடும். ஆடினா குப்பையில போடணும். மத்தது எடு அக்கே, பஸ் போயிரும்."

எனக்கும் பஸ் போய்விடும் என்ற பயம் இருந்தது. மினுங்கியதை மறுபடியும் கையில் எடுத்தேன். உடனே பூட்டலாம். நாளைக்கே சுடலாம். பிறகு அந்த டொக், டொக் ஞாபகம் வந்தது. பழுப்பையே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு ஆக்கவில்லை. பாண் வாங்கி வைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். கீலில் ஒரு ஆணி. அதைத் தட்டி எடுத்தால் பழைய குழல் கழன்றுவிடும். கையில் தனியாக எடுத்துப் பார்த்தபோது வளைவு நன்றாகத் தெரிந்தது.

புதிய குழலின் கீல் பக்கத்தில் விளக்குக் கரியைப் பூசினேன். பிஸ்டலில் வைத்து அழுத்தி எடுத்தேன். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கேதான் தடிப்பு. அந்த இடத்தில் மட்டும் அரம் போட்டேன். மறுபடியும் கரி. மறுபடியும் அழுத்திப் பார்த்தேன். கை நிற்கவில்லை, சீக்கிரம் முடிக்கச் சொன்னது. கடைக்காரர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் ஒரு தடவை நிறுத்தினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழுத்துற" என்றார்.

"இல்ல."

"அழுத்துற. சத்தம் மாறுது."

அழுத்தாமல் இழுத்தேன்.

மறுநாள் மத்தியானம் குழல் கீலுக்குள் இறங்கியது. ஆடவில்லை. ஆணியை அடித்தேன். குழல் நிமிர்ந்து பொருந்துகிற வாயில் ஒரு தோல் வளையம் இருக்க வேண்டும். அது சரியில்லை என்றால் காற்று பக்கத்தில் போய்விடும், குண்டு அரைவழியில் விழும். வீட்டுக்காரரின் பழைய இடுப்புப் பட்டியில் வெட்டினேன். முதலாவது தடிப்பு, குழல் மூடவில்லை. இரண்டாவதைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வைத்தேன். அது மூடியது. மூட்டுக்கு மேல் ஒரு சிட்டிகை தேயிலைத் தூளைப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். காற்று ஒழுகினால் தூள் பறக்கும். பறக்கவில்லை.

வாசலுக்கு எதிரே கொய்யா மரத்தில் ஒரு பெட்டி மட்டையைக் கட்டி, அதன் முன்னால் முடிச்சு கீழே இருக்கப் பலூனைக் கட்டினேன். பிஸ்டலைத் தூக்கினேன். சுட்டேன்.

படவில்லை.

இரண்டாவதும் படவில்லை. மூன்றாவதும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பலூனுக்குக் கீழே மட்டையில் மூன்று ஓட்டை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. குண்டு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. போகிற இடம்தான் பிழை.

கீலைக் கூடுதலாக அராவிவிட்டேனோ என்று நினைத்தேன். ஆணியைத் தட்டி எடுத்தேன். கரி பூசிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பப் பூட்டினேன். சுட்டேன். கீழே. தோல் வளையத்தை மாற்றினேன். கீழே. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். நானேதான் உருட்டிப் பார்த்து எடுத்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. வாசலுக்கும் கொய்யா மரத்துக்கும் நடந்தேன். பாண் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னாடி, கோழிய பூனை தூக்கிருச்சா, இந்த நடை நடக்கிற" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் வாசலில் இருந்தபடி கேட்டார்.

"புள்ள, எங்க பாத்துச் சுடுற?"

"பலூனத்தான்."

"பலூன்ல எங்க?"

யோசித்தேன். "முடிச்ச."

அவர் பம்பைக் கையில் எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அவருடைய தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க" என்றேன்.

பலூனின் நடுவைப் பார்த்துப் பிடித்தேன். கை தானாகக் கீழே இறங்கியது. பல வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். சுட்டேன். பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. குழல் நேராகத்தான் இருந்தது.

ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எனக்கே இப்படி என்றால் லயத்து ஆட்களுக்கு எப்படி? தலைவருக்கு எப்படி? அவர்தானே சுடப் போகிறார்.

அன்று பொழுது சாய இருவரும் பேசினோம். அவர் சொன்ன வழி சுலபமானது.

"சுட்டுப் பாக்குற அன்னைக்குப் பழைய குழலப் போடு. தலைவர் முடிச்சப் பாத்துச் சுடுவார். பலூன் வெடிக்கும். எடம் நமக்கு. அடுத்த நாள் புதுசப் போடு. வெளியாள் சுட்டாலும் படும். ரெண்டு பக்கமும் சரி."

சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. இரண்டு குழலையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆணியைத் தட்டினால் கழன்றுவிடும். கால் மணி நேர வேலை.

"வேணாங்க."

"ஏன்?"

"இப்ப வரைக்கும் நம்ம துவக்கு கோணல். அது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்னு, அடுத்த நாளைக்கு ஒன்னு போட்டா, அதுதான் கள்ளத் துவக்கு."

"எடம் போயிருச்சுன்னா?"

"போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு."

அவர் பழைய குழலை மேசையிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்தார்.

தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அடுத்த நாள் அவரைத் தேடிப் போனேன். தேர்ச் சில்லுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் பட்டுத்துணி, காதில் போன்.

"அண்ணே, துவக்கு விசயமா..."

"நாளைக்கு தங்கச்சி, நாளைக்கு. சுட்டுப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். போனில் பூமாலைக்காரனைத் திட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் பலகையை எங்கள் இடத்தில் நிறுத்தினோம். வேலை விட்டு வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் பிள்ளைகளோடு. முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தலைவர் வெள்ளை வேட்டியோடு வந்தார். பின்னால் அவருடைய மனைவி, கையில் கோயிலுக்குக் கொண்டு போகிற பூத்தட்டு.

குண்டை வைத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, நேரா பலூனப் பாத்து அடிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, நீங்க இந்தத் தோட்டத்துக்கு வாழ வந்த வருசமே எனக்கு இந்தத் துவக்கு தெரியும்."

"இல்லண்ணே, இப்ப..."

"முடிச்சு, முடிச்சு" என்று பின்னால் நாலைந்து பேர் சொன்னார்கள்.

அவர் ஒரு கண்ணை மூடினார். கை இறங்கியது. எனக்குத் தெரியும், எங்கே பார்க்கிறார் என்று. சுட்டார். பலூனுக்குக் கீழே பலகையில் டப் என்று பட்டது.

"காத்து" என்றார். காற்று இல்லை.

இரண்டாவதும் கீழே. மூன்றாவதுக்கு அவர் பழக்கத்தில் இன்னும் கீழே பிடித்தார். பலகையின் அடிச்சட்டத்தில் பட்டுத் தெறித்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தலைவர் பிஸ்டலை மெதுவாகப் பலகையில் வைத்தார்.

"போன வருசத்தவிட மோசமா இருக்கே தங்கச்சி."

"குழல மாத்திட்டேன்ணே" என்றேன். "இது நேரான குழல்."

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"மாத்திட்டியா?"

"யாரக் கேட்டு மாத்துன?"

"நல்லா இருந்த துவக்கு."

"எங்கப்பா காலத்திலேர்ந்து முடிச்சப் பாத்துத்தான் சுடுறோம். இப்ப எதப் பாக்குறதாம்?"

"பலூனப் பாருங்க" என்றேன்.

"பலூனப் பாத்து எவன் சுட்டான்?" என்றான் முச்சக்கர வண்டிக்காரன். "குடுங்க பாப்போம்."

அவனும் சுட்டான். பலூனைத்தான் பார்ப்பதாகச் சொன்னான். கை கீழே இறங்கியது. மூன்றும் கீழே. அவனுடைய கூட்டாளி சுட்டான். அவனும் கீழே. இப்போது சத்தம் கூடியது. தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்.

"என்னாம்மா செய்றது. எல்லார் முன்னுக்கும்தான் பாத்தோம். ஹட்டன்காரனுக்குப் போன் போடவா?"

வீட்டுக்காரர் பலூன் பம்பைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இருந்தது. என் கையில் இன்னும் ஒரு குண்டு இருந்தது. அதை உருட்டிக்கொண்டே இருந்தேன். சுற்றிப் பார்த்தேன். முன்னால் நிற்கிற ஒருவரும் உதவ மாட்டார்கள். எல்லோர் கையும் முடிச்சுக்குப் பழகிய கை.

பின்னால் தலைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி" என்றேன். "நீங்க இதத் தொட்டிருக்கீங்களா?"

"நானா? நான் எதுக்கு அதத் தொடுறேன்."

"வாங்க. மூனே மூனு குண்டு."

"சும்மா இரு. கையில பூ இருக்கு."

"பூவ நான் வச்சிருக்கேன்" என்று பக்கத்தில் நின்ற பெண் தட்டை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் அவரை முன்னால் தள்ளினார்கள். "போங்க அண்ணி, வீட்ல அவரத்தான் சுட முடியாது, பலூனயாவது சுடுங்க" என்று ஒருத்தி சொன்னாள். தலைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி பிஸ்டலைக் கையில் வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டினேன். எங்கே பார்ப்பது என்று சொல்லவில்லை. முன்னால் நின்ற ஒருவன் பழக்கத்தில் "முடிச்சு" என்றான். "நீ வாய மூடு" என்றார் அண்ணி.

முதலாவது குண்டுக்குக் கண் இரண்டையும் மூடிவிட்டார். அது பலகையைத் தாண்டி மேட்டில் பட்டது. கொஞ்சம் சிரிப்பு. இரண்டாவதுக்குக் கண்ணைத் திறந்தார். சிவப்புப் பலூன் வெடித்தது. அவரே பயந்து ஒரு அடி பின்னால் வந்தார். மூன்றாவதும் வெடித்தது.

"நான் பலூனத்தான் பாத்தேன்" என்றார். வேறு எதைப் பார்ப்பது என்பது போல.

அடுத்து தட்டை வைத்திருந்தவள் சுட்டாள். இரண்டு பட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் கள்ளத் துவக்கு என்று சொல்லவில்லை. முச்சக்கர வண்டிக்காரன் போனை இறக்கிச் சட்டைப் பையில் போட்டான்.

தலைவர் வேட்டியைச் சரி செய்தார்.

"துவக்கு சரியாத்தான் இருக்கு" என்று பொதுவாகச் சொன்னார். "எடம் இவங்களுக்குத்தான்." பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக, "முன்னுக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார்.

"சொல்லத்தாண்ணே வந்தேன். நீங்க பூமாலையோட இருந்தீங்க."

திருவிழா நடந்தது. கொழும்பிலிருந்து கூட்டாளிகள் இந்த வருடமும் வந்து சுட்டார்கள். பட்டது. ஒரு சோப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். தேர் நிற்காமல் கோயிலைச் சுற்றி வந்தது. பெண்கள் இந்த வருடம்தான் பலகைக்கு முன்னால் வந்தார்கள். கோப்பைகள் எல்லாம் அவர்கள் வீட்டுக்குப் போயின. எங்கள் ஆண்கள் மட்டும் கீழேயே சுட்டார்கள். வெளியாளுக்குச் செய்த துவக்கு என்று என்னைக் குறை சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த மூன்று குண்டுக்குக் காசை நீட்டினார்கள்.

எனக்கு அந்த நாட்களில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வொருவன் பிஸ்டலைத் தூக்கும்போதும் என் கையும் சேர்ந்து தூக்கியது. மேலே, இன்னும் மேலே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாய் திறந்து சொன்னால் கோபப்படுவார்கள்.

தேர் முடிந்த பின்னேரம் தலைவர் வந்தார். கூட்டம் குறைந்திருந்தது. மழை வரப் பார்த்தது. பலகைக்கு மேல் மழைக்குக் கட்டியிருந்த படங்கு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பழைய குழல் இருக்கா தங்கச்சி?"

"இருக்குண்ணே."

"எங்க?"

படங்கின் நுனியைக் காட்டினேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கட்டியிருந்தேன். அது அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கழற்றித் தரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஒங்க அண்ணி இங்க சுட்டு வாங்குன கோப்பைய வீட்ல மேசையில வச்சிருக்கா" என்றார். "அலுமாரிக்குள்ள வைக்க மாட்டேங்கிறா. வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டுறா."

காசை வைத்தார். நான் குண்டை வைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடினார். கை மேலே போனது, நின்றது, மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. அவருக்கே தெரிந்தது. நிறுத்தினார். கொஞ்சம் தூக்கினார். சுட்டார்.

பலூனின் அடியில் உரசிக்கொண்டு போனது. பலூன் சுற்றியது, வெடிக்கவில்லை.

"கிட்ட வந்துட்டுது" என்றார் வீட்டுக்காரர். அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. சத்தத்தை வைத்துச் சொன்னார்.

தலைவர் பிஸ்டலை என்னிடம் நீட்டினார். நான் குழலை மடித்து அடுத்த குண்டை வைத்தேன்.